நான் அடித்த ‘என்ற’

எங்கள் ஊரில் ஆண்களில் பாதிப் பேருக்குச் சாமி பேர்தான். பிள்ளை பிறந்ததும் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பேரையே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். முன்னாலோ பின்னாலோ ஒரு சொல் கூடும், குறையும், அவ்வளவுதான் வித்தியாசம். பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டால் டிரைவர், கண்டக்டர், பூ விற்பவர், டீ குடிக்கிறவர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பட்டப்பேர் இல்லாமல் இங்கே ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரிக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையில்கூடப் பட்டப்பேர் போட்டால்தான் யார் வீட்டு விசேஷம் என்று தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவனுக்குப் பட்டப்பேர் வைத்தது நான்தான். எங்கள் தெருக்காரன், என்னைவிட மூன்று வயது சின்னவன். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டமாக நடந்து போவோம். ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்த படத்தின் கதையைத் திங்கட்கிழமை காலையில் ஆரம்பிப்பான். புதன்கிழமை ஆனாலும் இடைவேளை வராது. கதாநாயகன் சட்டையில் எத்தனை பட்டன் என்பதுவரை சொல்வான். ஒருநாள் தாங்க முடியாமல், ‘ஏலே பிளேடு, வாய மூடிட்டு வா’ என்றேன். அறுக்கிறான் என்று அர்த்தம். எல்லாரும் சிரித்தார்கள், அவன்தான் அதிகமாகச் சிரித்தான். அன்றிலிருந்து தெருவுக்கே அவன் பிளேடு. அவன் அம்மாகூடச் சோற்றுக்கு அப்படித்தான் கூப்பிட்டாள். பெரியவனாகித் தறி வேலைக்குப் போனபோதும் அந்தப் பேர் கூடவே போனது. விசைத்தறி ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் கதை சொல்லுகிறவன் என்று அங்கேயும் அது ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு கடை போட்டோம். ஜெராக்ஸ் அவர் பார்ப்பார், டைப்பிங் நான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், போலீஸ் புகார் என்று எல்லா மனுவும் அடிப்பேன். புகார் மனுவுக்கு ஒரு மாதிரி கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். பேர், ஊர், தேதி மட்டும் மாற்றினால் போதும். ‘அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று மிரட்டினார்’ என்ற வரி அதில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். எருமை தோட்டத்தில் மேய்ந்த புகாராக இருந்தாலும் அந்த வரி இருக்கும். அது இல்லாவிட்டால் மனுவை வாங்கி மேஜையில் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. எனக்கு முன்னால் டைப்ரைட்டரில் அடித்தவர்களும் அப்படித்தான் அடித்தார்கள். யாரும் யாரையும் கொல்லப்போவதில்லை என்பது அடிக்கிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் குழாயை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்று சண்டை வந்தது. மளிகைக்கடை அண்ணாச்சி தன் வீட்டுப் பக்கம் கட்டக் கூடாது என்றார், பையன்கள் கட்டுவோம் என்றார்கள். தள்ளுமுள்ளில் அண்ணாச்சி விழுந்து, பந்தல் தகரம் அவர் முழங்கையைக் கிழித்துவிட்டது. மறுநாள் காலையில் கட்டுப் போட்ட கையோடு என் கடைக்கு வந்து, நாலு பேர் பேரைச் சொல்லி மனு அடிக்கச் சொன்னார். நாலாவது பேர் அவனுடையது, சாமி பேர். அதே தெருவில், அதே பேரில், அப்பா பேரும் ஒன்றாகவே, இன்னொருத்தன் இருந்தான். அவன் சண்டை நடந்த அன்று ஊரிலேயே இல்லை. மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டுத் திருநெல்வேலியில் கிடந்தான். பாவம், அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று நினைத்து, பேருக்குப் பக்கத்தில் ‘என்ற பிளேடு’ என்று சேர்த்தேன். அண்ணாச்சி தலையாட்டினார். மாதிரியில் இருந்த கொலை மிரட்டல் வரியை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லாமல் இதைச் செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் நாலு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்ற மூன்று பேரிடமும் என்ன நடந்தது என்று கேட்டார்களாம். அவனிடம் மட்டும் பிளேடு எங்கே என்று கேட்டார்களாம். அவன் விளக்கம் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். அவன் விளக்கம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கியிருக்கிறான். பேசப் பேச அவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் அவர்களுக்குப் பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் கிழிந்த காயம் என்று இருந்தது. மனுவில் கொலை மிரட்டல் இருந்தது. பேரில் பிளேடு இருந்தது. இதற்கு மேல் ஒரு போலீஸ்காரர் என்ன யோசிக்க வேண்டும்? அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வழக்கு கோர்ட்டுக்குப் போய், அண்ணாச்சியே ராசியாகிவிட்டோம் என்று எழுதிக்கொடுத்து முடிந்துபோனது. பழையபடி அவர் கடையில்தான் அவன் வீட்டுக்குச் சாமான் வாங்கினான். நாங்கள் எல்லாரும் அதை மறந்துவிட்டோம். அடுத்த ஆடித்தபசுக்குப் பத்து நாள் இருக்கும்போது போலீஸ்காரர்கள் தறிக்கே வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தபசு எங்கள் ஊர்ப் பெரிய கோயில் திருவிழா, ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அதற்கு முன்னால், ஸ்டேஷனில் வைத்திருக்கும் ரவுடி லிஸ்ட்டில் உள்ளவர்களை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி, இத்தனை காலத்துக்கு ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்குவார்கள். அந்த ஒரு வழக்கிலேயே அவன் பேரும் அதில் ஏறியிருந்தது. சட்டத்தின் நம்பர் இப்போது மாறிவிட்டது. ஆனாலும் எல்லார் வாயிலும் அது ‘நூத்திப்பத்து’தான். இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் பத்திரத்தின் காலம் முடிகிறவரை ஜெயிலில் இருக்க வேண்டியதுதான். அந்த வருஷம் ஒரு கையெழுத்துத் தறி முதலாளி போட்டார், இன்னொன்று நான் போட்டேன்.

ஸ்டேஷனில் பிரின்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டையா பென் டிரைவை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார். நல்ல மனுஷர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒருநாள் அவரிடம் கேட்டேன், முடிந்துபோன வழக்குக்கு எதற்கு வருஷா வருஷம் அவனைப் பிடிக்கிறீர்கள் என்று. லிஸ்ட்டில் இருக்கிறவனைப் பிடித்துத்தானே ஆக வேண்டும் என்றார். சரி, லிஸ்ட்டிலிருந்து எப்போது எடுப்பீர்கள் என்றேன். வருஷம் ஒருமுறை மேலதிகாரிகள் லிஸ்ட்டைப் பார்ப்பார்களாம். இடையில் அவன் மேல் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டால் எடுக்கச் சொல்லி எழுதலாமாம். புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். ‘போன தபசுக்கு நூத்திப்பத்து போட்டிருக்கம்லா, அது புதுசுதான’ என்றார். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், கிண்டல் எல்லாம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் கூடச் சிரித்தார். வீட்டுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான், அவன் இதிலிருந்து வெளியே வரவே முடியாது என்பது எனக்கு உறைத்தது.

அவனுக்கும் அது சீக்கிரமே உறைத்தது. கடையநல்லூர்க்காரர் ஒருவர் வளைகுடாவில் துணிக்கடை வைத்திருந்தார். இங்கே தறி முதலாளியிடம் சரக்கு எடுக்க வருவார். அவனுடைய ஓயாத வாயைப் பார்த்துவிட்டு, இவனைத்தான் விற்பனைக்கு நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டு, விசா எடுக்கிறேன், பாஸ்போர்ட் வாங்கிவிட்டு வா என்றார். அவன் பேச்சை ஒருத்தர் விலை கொடுத்து வாங்கத் தயாராக இருந்தது அதுதான் முதல்முறை. பாஸ்போர்ட்டுக்கு நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். போலீஸ் விசாரணையில் அது நின்றுவிட்டது. மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். அவள் கல்யாணமான புதிதில் இருந்தாள். ‘எக்கா, நீ அடிச்ச எழுத்து. நீயே அத எடுத்துக் குடு’ என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் முழு சாமர்த்தியத்தையும் காட்டி ஒரு மனு அடித்தேன். ‘பிளேடு’ என்பது ஆயுதம் அல்ல, அதிகம் பேசுகிறவரைக் கேலி செய்யும் சொல், அதை வைத்தவள் நான், அது வைக்கப்பட்டபோது அவருக்கு வயது பதினொன்று என்று எழுதி, நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். அவனோடு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மனுவைப் படித்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினார். பிளேடு போடுகிறவன் என்றால் பஸ்ஸில் பாக்கெட்டைக் கிழிக்கிறவன் என்றும் அர்த்தம் இருக்கிறதே அம்மா, எந்த அர்த்தம் என்று நான் எப்படி முடிவு பண்ணுவது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரே சொல்தான், இரண்டு அர்த்தமும் உண்டு. அவனைப் பார்த்தால் பாக்கெட் கிழிக்கிறவன் மாதிரியா இருக்கிறது என்று கேட்டேன். அவர் அவனைப் பார்த்தார். அவன் கைகட்டித் தலைகுனிந்து நின்றான். யாரும் அங்கே அப்படித்தான் நிற்பார்கள்.

பதில் கடிதம் வந்தது. பொருள் என்ற இடத்தில் அவன் பேரும், அதற்குப் பின்னால் ‘என்ற பிளேடு என்பவர், பிளேடு என்ற பட்டப்பெயரை நீக்கக் கோரியது’ என்றும் இருந்தது. கோரிக்கை பரிசீலிக்கப்பட்டதாம், ஏற்க இயலவில்லையாம். மேலே ஒரு மனு, அதற்கும் மேலே ஒரு மனு என்று அனுப்பினோம். ஒவ்வொன்றிலும் எந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்று சொல்ல, அந்தச் சொல்லையே எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு பதிலிலும் அது திரும்பி வந்தது. எல்லாத் தாளும் அவனுடைய கோப்பிலேயே போய்ச் சேர்ந்தது. கோப்பு தடித்தது. தடித்த கோப்பைப் பார்க்கிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க மாட்டான், ஆள் பெரிய ஆள் என்றுதான் நினைப்பான். காத்துப் பார்த்துவிட்டு, கடையநல்லூர்க்காரர் வேறொரு பையனைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில் குற்றவியல் படிக்கும் ஒரு பெண் தன் புராஜெக்டை அடித்து பைண்டிங் போட எங்கள் கடைக்கு வந்தாள். ஊரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தவள். முத்திரை குத்தும் கோட்பாடு என்று தலைப்பு. அடிக்க அடிக்க எனக்கு விரல் நின்று நின்று போனது. முதல் தப்பு யாரும் செய்யக்கூடியது, அதைப் பார்த்து மற்றவர்கள் வைக்கிற பேர்தான் ஒருவனை அடுத்த தப்புக்குத் தள்ளுகிறது என்று போட்டிருந்தாள். அதனால்தான் சிறுவர்கள் மாட்டினால் பேரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அவர்களைக் குற்றவாளி என்றே சொல்லக் கூடாதாம், சட்டத்துக்கு முரண்பட்ட சிறார் என்று சொல்ல வேண்டுமாம். பழைய பதிவு அவர்களைத் துரத்தக் கூடாதாம். சின்னச் சண்டைகளை வழக்காக்காமல் பேசித் தீர்க்கச் சொல்வதும் இந்த யோசனையிலிருந்து வந்ததுதானாம். எல்லாம் தெரிந்திருக்கிறது! தெரிந்துதான் பதினெட்டு வயதுவரை ஒரு பாதுகாப்பு, அதற்கு மறுநாளிலிருந்து லிஸ்ட். பதினெட்டு முடிந்தவனுக்குப் பேர் சுடாது என்று யார் சொன்னது என்று அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். அவள் பயந்துபோய், அக்கா, இது வெறும் புராஜெக்ட்தான் என்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவளுடைய கடைசி அத்தியாயத்தில் மறுவாழ்வுத் திட்டங்கள் என்று இருந்தது. அதுவும் எங்கள் ஊருக்கு வந்தது. திருந்தி வாழ விரும்புகிறவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி, உறுதிமொழி எடுக்கவைத்து, தொழில் தொடங்க உதவி செய்வதாகச் சொன்னார்கள். ஏட்டையா ஓடி வந்து, அவனை அனுப்பு, லிஸ்ட்டிலிருந்து எடுக்க இதுதான் வழி என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். நான் வற்புறுத்தித்தான் அவன் போனான். மேடையில் ஏறி, இதுவரை செய்த குற்றங்களை விட்டுவிட்டேன் என்று படிக்கச் சொன்னார்களாம். ‘நான் ஒண்ணும் செய்யலயே எக்கா, என்னத்த விடுதது’ என்று வந்து கேட்டான். ஆனாலும் படித்திருக்கிறான். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. திருந்திய ரவுடிகள் என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே வரிசையாகப் பேர்கள், அவன் பேருக்குப் பின்னால் ‘என்ற’. அதுவரை ஸ்டேஷனுக்கு மட்டும் தெரிந்தது, ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது. திருந்த வேண்டுமென்றால் முதலில் ரவுடி என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு முன்னாடியே தோன்றியிருக்க வேண்டும். பேர் லிஸ்ட்டிலிருந்து போகவில்லை. திருந்தியவன் திரும்பக் கெட்டுப்போகிறானா என்று கவனிக்க வேண்டுமாம்.

தறி முதலாளி அவனை நிறுத்திவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. எப்போது கூட்டிக்கொண்டு போவார்கள் என்று தெரியாதவனை நம்பி எப்படி ஷிப்ட் போடுவது? அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டதும் அப்போதுதான். கடைக்கு வந்தால் பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பான். என்னடா என்றால், ஒண்ணுமில்ல என்பான். ‘எதாச்சும் கதை சொல்லேம்லே’ என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். எதைச் சொன்னாலும் எழுதிக்கிடுதாவ எக்கா, என்றான்.

அப்புறம் ஒருநாள், பனவடலிசத்திரம் போகிற வழியில் பிளாட் போடுகிற ஒருத்தர் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். என்ன வேலை என்று விசாரித்தால், வேலி பக்கம் நிற்கிற வேலை. பக்கத்து நிலத்துக்காரர் பாதைத் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார். பேப்பரில் படம் வந்த ஆள் வேலியோரம் நின்றால் அவர் வர மாட்டார் என்று கணக்கு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவனைக் கூப்பிட்டு, நீயே உன் தலையில் மண்ணை அள்ளிப் போடுகிறாயா, பெண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பார்த்தாயா என்று கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

‘நான் யாரயும் தொட மாட்டேன் எக்கா. சும்மா நிக்கேன். பேருதான் வேல பாக்கு’ என்றான்.

நான் வேறு என்ன வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். நானே எங்கள் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க ஆள் தேடிக்கொண்டுதான் இருந்தேன். அவனை வைத்தால் கடைக்குப் பெண்கள் வருவார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டார், நானும் அதோடு விட்டுவிட்டேன். இதை அவனிடம் நான் சொன்னதில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வேலியில் ஒருநாள் தகராறு முற்றி, பக்கத்து நிலத்துக்காரருக்கு மண்டை உடைந்தது. அடித்தது வேறு ஆள். ஆனால் கம்பு கை மாறியதில் இவன் கையிலும் அது இருந்தது, இவனும் ஓங்கினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் அவனிடம் கேட்டேன். ‘ஓங்குனேன் எக்கா’ என்றான். இல்லை என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். புகார் மனு எங்கள் கடைக்கு வரவில்லை, வேறு கடையில் அடித்திருந்தார்கள். அதிலும் அந்த நிரந்தர வரி இருந்தது, அதிலும் ‘என்ற’ இருந்தது. இந்தத் தடவை இரண்டையும் பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஏட்டையா வருத்தத்தோடு, பார்த்தியாம்மா, லிஸ்ட்டில் இருக்கிறவனை லேசில் எடுக்கக் கூடாது என்று இதற்குத்தான் சொல்லுகிறோம் என்றார். நான் அவர் கொடுத்த தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணி அடுக்கிக் கொடுத்தேன்.

அந்த வழக்கில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். இந்த வருஷத் தபசு நெருங்கியது. ஸ்டேஷன் பிரின்டர் வழக்கம்போலப் படுத்துக்கொள்ள, ஏட்டையா பென் டிரைவோடு வந்தார். அதில் உள்ளவற்றை நான் படிக்கக் கூடாது. ஆனால் தாள் சரியாக வருகிறதா என்று பார்க்கிறவள் கண்ணில் எல்லாம் படத்தான் செய்யும். லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அவனுடைய தாளில் உயரம், அங்க அடையாளம், அடிக்கடி போகும் இடம் என்று வரிசையாக இருந்தது. அடிக்கடி போகும் இடத்தில் எங்கள் கடை. அதற்குக் கீழே, நெருங்கிய கூட்டாளிகள் என்ற இடத்தில், தறி முதலாளி பேருக்கு அடுத்து என் பேர், என் அப்பா பேர், என் வீட்டு விலாசம். ஏட்டையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வருஷா வருஷம் ஜாமீன் போட்டிருக்கிறாய் அல்லவா, அதனால் ஏறியிருக்கும், இதெல்லாம் ஒன்றும் பண்ணாது என்றார். அவனுக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொன்னார்.

என் மகள் அரசாங்க வேலைக்குத் தேர்வாகி, நன்னடத்தை விசாரணைக்குக் காத்திருந்தாள். நாலு வருஷம் படித்த படிப்பு. அன்று வீட்டில் என் வீட்டுக்காரர் இந்த வருஷம் கையெழுத்து வேண்டாம் என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். நான் சண்டை போடவில்லை. சண்டை போடாததற்குச் சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு வழி கிடைத்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவன் யார், எப்படிப்பட்டவன், அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் யாரைவிடவும் எனக்குத்தான் தெரியும். எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் பத்து மணிபோல அவன் கடைக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைக்கு விசாரணை வர இருக்கிறது, இந்த வருஷம் என்னால் ஜாமீன் போட முடியாது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே, வேறு யாரையாவது பார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துச் சொன்னேன்.

‘அதுக்கு வரல எக்கா’ என்றான். ‘என் சீட்டுல உன் பேரு ஏறியிருக்குன்னு ஏட்டையா சொன்னாரு. அத எடுக்கச் சொல்லி நான் மனு குடுத்தா எடுப்பாவளான்னு கேக்கத்தான் வந்தேன்.’

என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடி எக்கா, என்றான். மேற்படி பெண்மணி என் தெருவில் குடியிருந்தவர் என்பதைத் தவிர அவருக்கும் எனக்கும் எந்தப் பழக்கமும் கிடையாது, என் வேண்டுகோளுக்கு இரங்கித்தான் ஜாமீன் போட்டார், அவர் பேரை என் பதிவிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எந்தப் பழக்கமும் கிடையாது என்ற இடத்தில் நிறுத்தினேன். இது வேண்டாம்டா என்றேன். அது இருந்தால்தான் எடுப்பார்கள் என்றான். மனுதாரர் பேரை அடிக்கும்போது அவன் பேரை மட்டும் அடித்தேன். அவன் திரையை எட்டிப் பார்த்து, ‘என்ற போடுக்கா. இல்லேன்னா எந்த ஆளுன்னு தெரியாம தூக்கிப் போட்டுருவாவ’ என்றான். போட்டேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான்.

தபசுக்கு முன்னால் ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தினார்கள். தறி முதலாளியும் இந்த வருஷம் வரவில்லை. ஜாமீனுக்கு ஆள் இல்லாததால் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம். திருவிழா நன்றாக நடந்தது. நான் போகவில்லை.

அவன் கொடுத்த மனுவுக்கு அந்த மாதமே பதில் வந்தது, என் விலாசத்துக்கும் ஒரு பிரதி. திருமதி என்று மரியாதையாகப் போட்டு, மேற்படியார் பேர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது என்று இரண்டே வரி. அவன் பேருக்குப் பின்னால் இருந்த ஒரு சொல்லை எடுக்க நான் எத்தனை வருஷம் எத்தனை மனு அடித்திருப்பேன்! என் பேர் ஒரே மனுவில் போய்விட்டது. மகளுக்கு விசாரணை சிக்கலில்லாமல் முடிந்தது, வேலையிலும் சேர்ந்துவிட்டாள்.

போன வாரம் அவன் மனைவி கடைக்கு வந்தாள். ஜெயிலில் பார்க்கப் போகிறாளாம், ஆதார் ஜெராக்ஸ் இரண்டு வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். போகப் போனவள் திரும்பி வந்து, ‘எக்கா, உங்க பேர எடுத்துட்டாவளான்னு அவிய ஒவ்வொரு வாட்டியும் கேக்காவ. எடுத்துட்டாவளா?’ என்று கேட்டாள்.

எடுத்துவிட்டார்கள் என்றேன்.

‘நல்லதாப் போச்சு. இன்னைக்குப் போய்ச் சொல்லிருதேன், சந்தோசப்படுவாவ’ என்று சொல்லிவிட்டு, திருநெல்வேலி பஸ்ஸைப் பிடிக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.